நாசிக் ஒயின் சுற்றுலா: எந்தப் பகுதியில் தங்குவது வசதி?

நாசிக்: மகாராஷ்டிர மாநிலம் நாசிக்கில் ஒயின் திராட்சை அறுவடை ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கிறது. தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கவும் ஒயினைச் சுவைக்கவும் மும்பை, புணே நகரங்களில் இருந்து பலர் வரும் காலம் இது. ஆனால், ஒயின் ஆலைகள் ஒரே இடத்தில் இல்லை. எனவே, தங்கும் இடத்தைத் தேர்வு செய்வதில்தான் பயணத்தின் செலவும் பாதுகாப்பும் அடங்கியுள்ளன.

கங்காபூர் அணைப் பகுதி

1999-இல் நிறுவப்பட்ட சுலா, அதற்குப் பின் வந்த யார்க், சோமா ஆகியவை நகருக்கு மேற்கே கங்காபூர் அணையை ஒட்டி அருகருகே அமைந்துள்ளன. முதன்முறையாகச் செல்வோருக்கு இப்பகுதி ஏற்றது. சில ஆலைகளின் வளாகத்திலேயே விடுதிகளும் உள்ளன. வார இறுதியில் வாடகையும் கூட்டமும் அதிகம். வார நாள்களில் அமைதி கிடைக்கும்.

நாசிக் நகரம்

குறைந்த செலவில் தங்க விரும்புவோருக்கும், பஞ்சவடி, ராம்குண்டம் ஆகியவற்றைத் தரிசிக்க விரும்பும் குடும்பத்தினருக்கும் நகர விடுதிகளே பொருத்தம். நாசிக் ரோடு ரயில் நிலையம் நகரின் கிழக்கேயும் ஒயின் ஆலைகள் மேற்கேயும் இருப்பதால், நிலையத்தை ஒட்டித் தங்கினால் நாள்தோறும் நகரைக் கடந்து செல்ல நேரிடும்.

இகத்புரி பகுதி

மும்பையில் இருந்து வரும் வழியில் உள்ள இப்பகுதியில் வலோன், குரோவர் சாம்பா ஆலைகள் உள்ளன. மலையும் நீர்நிலையும் சூழ்ந்த இவ்விடம் ஓய்வுக்கு ஏற்றது. மற்ற ஆலைகளுக்குச் செல்ல நெடுந்தொலைவு பயணிக்க வேண்டும். மழைக்காலத்தில் இயற்கை அழகு மிகுந்திருந்தாலும் கொடிகளில் பழம் இருக்காது.

வாகனம் யார் ஓட்டுவது?

முன்பதிவுக்கு முன் முடிவு செய்ய வேண்டிய கேள்வி இதுவே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது கலந்த நிலையில் வாகனம் ஓட்டினால், முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஒயினுக்கும் இது பொருந்தும். ஆகவே, நடந்து சென்று திரும்பும் தொலைவில் தங்குவது அல்லது ஓட்டுநருடன் வாடகை வாகனம் அமர்த்துவது அவசியம். தொலைவில் உள்ள மலிவான அறையின் வாடகையுடன் வாகனக் கட்டணத்தையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

குடியரசு தினமான ஜனவரி 26 மது விற்பனை இல்லா நாள் என்பதால், அந்த விடுமுறையில் செல்வோர் ஆலையில் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.