ஜலநேதியும் கொதித்தாறிய நீரும்

உணவின்றிச் சில வாரமும் நீரின்றிச் சில நாளும் மனிதன் உயிர் தாங்குதல் கூடும். காற்றின்றிச் சில நிமிடந்தானும் தாங்குதல் அரிது. அக்காற்றுப் புகும் தலைவாயில் நாசியாகும். அதனைத் தூய்மையாக வைத்திருத்தல் உடலோம்பும் கடமைகளுள் ஒன்றென்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். இன்று காலி வீதியின் வாகனப் புகையினிடையே வெள்ளவத்தையிலும், துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையின் நெருங்கிய தெருக்களிலும் வாழும் நம்மவருட் பலர் தடிமனாலும் பீனிசத்தாலும் வருந்துகின்றனர். அவர்களுள், யோகப் பயிற்சியின் வாயிலாகவோ வைத்தியரின் ஆலோசனைப்படியோ, உப்புநீரால் நாசியைக் கழுவும் வழக்கத்தை மேற்கொண்டாரும் உளர். வழக்கம் நன்று. ஆயினும், எந்த நீராற் கழுவுவது என்னும் வினாவிற்குத் தவறான விடை காண்பார்க்கு, அருமையாகவேனும், உயிருக்கே இறுதி நேர்தல் கூடும். ஆதலின் அவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

அடயோக நூல்கள் உடலைத் தூய்மை செய்யும் அறுவகைக் கிரியைகளைக் கூறும். தௌதி, வஸ்தி, நேதி, திராடகம், நௌலி, கபாலபாதி என்பன அவை. பதினைந்தாம் நூற்றாண்டளவில் சுவாத்மாராமர் இயற்றிய அடயோகப் பிரதீபிகை நேதியை விளக்குமிடத்து, மென்மையான நூலொன்றை நாசியின் வழியே செலுத்தி வாயின் வழியே வெளிவாங்குதலையே சொல்கின்றது. நாம் இன்று ஜலநேதி என வழங்கும், மூக்குள்ள கிண்டியால் நீர் வார்க்கும் முறை அந்நூலின் நேதி விளக்கத்திற் காணப்படுவதன்று. இதனாற் பெறப்படுவது யாதெனின், எவ்வகை நீரை எவ்வளவு உப்புடன் வார்த்தல் வேண்டும் என்பதற்குப் பழைய நூலை மட்டும் நம்பியிருத்தல் இயலாது; அதனை இக்கால அறிவியலிடமே கேட்டறிதல் வேண்டும்.

நாசியைச் சூழ்ந்து, கன்னங்களிலும் நெற்றியிலும் கண்களினிடையிலும் அவற்றின் பின்னும், நான்கு இணைக் காற்றறைகள் உள்ளன. இவை யாவும் சிறு துவாரங்களால் நாசியோடு தொடர்புடையன. நாசியையும் அறைகளையும் போர்த்துள்ள சீதமென்சவ்வு சளியைச் சுரக்கின்றது. அச்சவ்வின் மீதுள்ள நுண்ணிய பிசிர்கள் இடையறாது அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. தடிமன் பிடிக்கும்போதும் தூசி ஒவ்வாதபோதும் சவ்வு வீங்கித் துவாரங்கள் அடைபடுகின்றன. சளி இறுகித் தேங்குகின்றது. முகத்தில் பாரமும் தலையில் வலியும் தோன்றுகின்றன. உப்புநீர் அத்தேக்கத்தை இளக்கிக் கழுவிப் பிசிர்களின் பணியை எளிதாக்குகின்றது. அது நோயின் காரணத்தை வேரோடு களைவதன்று, துயரைத் தணிப்பது. ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கான்சினில் நாட்பட்ட பீனிசமுடைய 76 பேரைக் கொண்டு நிகழ்த்தி 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாத காலம் நாள்தோறும் நூற்றுக்கு இரண்டு பங்கு உப்புக்கொண்ட நீராற் கழுவினோர் ஏனையோரினும் நலமெய்தினர்.

இனி, உப்பு எதற்கு என்று வினவலாம். நம் குருதிநீரின் உப்புச் செறிவு நூற்றுக்கு ஏறத்தாழ 0.9 பங்காகும். வெறும் நீர் நாசியுட் புகின், பிரசாரணத்தால் அது சவ்வின் கலங்களுட் பாய்ந்து அவற்றை வீங்கச் செய்து எரிச்சலை உண்டாக்கும். ஒரு லீற்றர் நீரில் 9 கிராம் உப்புக் கலந்தால் இவ்வெரிச்சல் இராது. வெள்ளவத்தைக் கரையிலே கடல் இருக்கின்றதே, அந்நீரைக் கொள்ளலாகாதோ எனின், ஆகாது. கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அஃது நமக்கு வேண்டியதன் நான்கு மடங்கை அணுகும். நகரின் கால்வாய் நீரும் அக்கரையிலேயே சென்று கலக்கின்றது.

தலையாய கேள்வி உப்பன்று, நீரே. 1965ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பவுலர், கார்ட்டர் என்னும் அறிஞர் இருவர், மூளையையும் அதன் உறைகளையும் அழிக்கும் கொடிய நோயொன்று நன்னீரில் வாழும் அமீபாவினால் விளைவதை விளக்கி எழுதினர். நெக்லேரியா பவுலரி என்னும் அவ்வுயிரின் பெயரில் பவுலரின் பெயர் இன்றும் நிலைத்துள்ளது. இளஞ்சூடான நீரில் அது செழித்து வளரும். அதனைக் கொண்ட நீரைப் பருகினால் இந்நோய் வருவதில்லை. நாசியின் மேற்பகுதியை அடையின், மணநரம்புகள் செல்லும் சல்லடை போன்ற எலும்பின் துளைகளின் வழியே அது மூளைக்கு ஏறிவிடும். ஏறியபின் பிழைத்தோர் மிகச் சிலரே. ஆகவே, குடித்தற்குத் தீங்கற்ற நீர் நாசிக்கும் தீங்கற்றது என்று கொள்ளுதல் பெரும்பிழையாம்.

இது ஏட்டளவான அச்சமன்று. 2011ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், குழாய்நீரை நேதிக் கிண்டியிற் கொண்டு நாசி கழுவிய இருவர் இந்நோயால் மாண்டனர். அவர்தம் இல்லங்களின் குழாய்களில் இவ்வமீபா காணப்பட்டது. கராச்சி நகரில் நீந்தாதவரும் இந்நோய்க்கு ஆளாயினர். தொழுகைக்கு முன் நாசியுள் நீரேற்றும் வழக்கம் அதற்கு வழியாயிற்றென ஆய்வாளர் கருதினர். நமக்கு அண்மையிலுள்ள கேரளத்தில் 2016ஆம் ஆண்டில் ஆலப்புழையிலும், 2024, 2025ஆம் ஆண்டுகளில் வேறு பல இடங்களிலும் இந்நோய் தோன்றியது. நோய் மிக அரிது என்பது மெய்யே. ஆயினும் தடுப்பு மிக எளிதாயிருக்க, அரிதென்று வாளாவிருத்தல் அறிவுடைமையாகாது.

கொழும்பின் குழாய்நீர் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும், களனி கங்கையின் நீரை எடுத்து அம்பத்தலையிற் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்தும் வருகின்றது. குளோரீன் இட்டே அந்நீர் அனுப்பப்படுகின்றது. எனினும் மாடிக் குடியிருப்புக்களில் அது நேரே நம் குழாயை அடைவதில்லை; நிலத்தடித் தொட்டியிற் சேர்ந்து, மேல்மாடித் தொட்டிக்கு ஏற்றப்பட்டு, வெயிலிற் சூடேறி நிற்கின்றது. நிற்க நிற்கக் குளோரீனின் வலி குன்றும். தென் அவுஸ்திரேலியாவில் நெடுந்தூரம் நிலத்தின்மேல் ஓடிய குழாய்களில் வெயிலாற் சூடேறிய நீரே முன்னைய நோய்க்கு இடனாயிற்று என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. கிணற்றுநீருக்குக் குளோரீனின் காப்பும் இல்லை. வீடுகளிற் பயன்படுத்தும் வடிகட்டிகள் யாவும் இவ்வமீபாவைத் தடுக்கும் என்றோ, போத்தலில் விற்கும் குடிநீர் கிருமியற்றது என்றோ நம்புதலும் தகாது.

கொள்ளத்தக்க நீர் மூன்று. காய்ச்சி வடித்த நீர் ஒன்று. மருந்துக் கடையிற் கிடைக்கும் கிருமியகற்றிய உப்புநீர் மற்றொன்று. எல்லார்க்கும் எளியதாகிய கொதித்தாறிய நீர் மூன்றாவது. கேத்தலில் ஆவி எழுந்த அளவில் இறக்கிவிடாது, குமிழி பொங்க முழுதாக 1 நிமிடம் கொதிக்க வைத்தல் வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீற்றரை அணுகும் மலைப்பகுதிகளில் 3 நிமிடம் கொதிப்பித்தல் நன்று. அரை லீற்றர் நீருக்கு நாலரைக் கிராம் உப்பு, அஃதாவது மட்டமாக நிரப்பிய தேக்கரண்டியின் முக்காற்பங்கு, போதும். ஒரு சிட்டிகை அப்பச்சோடா சேர்ப்பின் எரிச்சல் மேலும் தணியும். உப்பையும் உடனிட்டே கொதிக்க வைப்பது சாலச் சிறந்தது. அயடீன் சேர்ந்த உப்புச் சிலர்க்கு எரிச்சல் தருமாகலின், அன்னோர் அயடீனற்ற உப்பையோ கடையிற் கிடைக்கும் அளவிட்ட பொதியையோ நாடுக. நீரை மூடி ஆறவிட்டு, உடற்சூட்டளவில் இருக்கும்போது கொள்க. ஒருநாளுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது.

கழுவுமிடத்து, தொட்டியின் மேற் குனிந்து, தலையை ஒருபுறம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, மேலுள்ள துவாரத்தில் மெல்ல வார்க்க. நீர் மற்றைத் துவாரத்தின் வழியே தானே ஒழுகும். அப்போது விழுங்குதலும் பேசுதலும் தவிர்க்க. பின்னர் மறுபுறமும் அவ்வாறே செய்க. முடிந்தபின் இரு துவாரங்களையும் அடைத்துப் பலமாகச் சீறுதல் கூடாது. சீறின், தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாயின் வழியே நீர் செவிக்குட் புகும். மெல்லச் சீறுதலே தக்கது. கிண்டியைக் கொதித்தாறிய நீராற் கழுவிக் காயவைத்தல் வேண்டும். தாய் பிள்ளையாயினும் ஒருவர் கிண்டியை மற்றவர் கையாளலாகாது.

நாசி முற்றும் அடைபட்டோரும், செவியில் நோயோ செவிப்பறையிற் துளையோ உள்ளோரும், அண்மையில் முகத்திற் சத்திர சிகிச்சை பெற்றோரும், நோயெதிர்ப்பு வலி குன்றியோரும் வைத்தியரைக் கேளாது இதனைத் தொடங்கற்க. கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், கடுங்காய்ச்சலுடன் கூடிய தலைவலி, கழுத்து விறைப்பு என்பவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே வைத்தியசாலைக்கு விரைக. நாசி கழுவிய செய்தியையும் அங்கே தவறாது சொல்லுக. ஒருபுற நாசியில் மட்டும் குருதி கசிவதும் சதை வளர்வதும் பீனிசம் என்று கழுவிக் காலங்கழிக்கத் தக்கன அல்ல. தேங்கிய நீர்நிலைகளில் நீராடுவதோடு தொடர்புடையதாகக் கருதப்படும் ரைனோசுபோரிடியோசிசு என்னும் நோய் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் காணப்படுவது. அஃது இவ்வாறு வெளிப்படுதலும் உண்டு.

ஆன்றோர் வகுத்த ஒழுக்கத்தைப் பேணுதல் என்பது அதன் புறவடிவைப் பின்பற்றுதலன்று. அதன் நோக்கத்தை நம் காலத்து அறிவால் நிறைவேற்றுதலே. தூய்மையே நேதியின் நோக்கம். தூய்மை செய்யும் நீர் முதலில் தான் தூயதாயிருத்தல் வேண்டும். அதற்கு வேண்டுவது ஒரு கேத்தலும் ஒரு நிமிடப் பொறுமையுமே. மாணவர் இதனைத் தாம் கைக்கொள்வதோடு, வீட்டிலுள்ள முதியோர்க்கும் எடுத்துரைப்பாராக.