சுவரில் எழுதிய விதியும் கூட்டுக்குள் எழுதிய விதியும்

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலை எதற்குள்ளாவது சென்று பார்த்திருக்கிறீர்களா? ஒரே பெரிய கட்டடம் அங்கே இராது. சிறு சிறு அறைகள், ஒன்றுக்கொன்று எட்ட எட்ட நிற்கும். ஒவ்வோர் அறையின் சுவரிலும் நான்கு செய்திகள் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கும். அறையின் எண், அங்கே நடக்கும் வேலை, உள்ளே இருக்கக்கூடிய ஆட்களின் அளவு, வைத்திருக்கக்கூடிய மருந்தின் அளவு. வெடிக் கலவைக்கு அந்த வட்டாரத்தில் 'மருந்து' என்றே பெயர். சாதாரண வேலை அறையில் நான்கு பேருக்கு மேல் இருத்தல் ஆகாது.

இந்தச் சுவர் எழுத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெடிமருந்தோடு தொடர்பே இல்லாத வேறோர் அறைக்கு இப்போது போவோம்.

விருதுநகரில் ஓர் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கிறீர்கள். அங்கே மேசைமீது இருக்கும் கணிப்பொறி ஒரு வாயில்தான். விண்ணப்பத்தை வாங்கி வைப்பதும், தேடி எடுப்பதும், அதிகாரியின் பார்வைக்கு அனுப்புவதும் தொலைவில் உள்ள சர்வர்களின் வேலை. இத்தகைய சர்வர்களை நூற்றுக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் வைத்துக் காக்கும் இடமே தரவு மையம். சென்னை பெருங்குடியில் எல்காட் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ள மாநிலத் தரவு மையம் அத்தகையது.

நூற்றுக்கணக்கில் என்றால் இடம் வேண்டுமே! ஒவ்வொன்றுக்கும் தனி மின்வடம், தனி விசிறி, தனி வலைப்பின்னல் வடம் என்று வைத்தால் அறையின் பின்புறம் நூற்கண்டு அவிழ்ந்தாற்போல் ஆகிவிடும். இதற்குக் கண்ட வழிதான் பிளேடு சர்வர். செயலியும் நினைவகமும் கொண்ட மெல்லிய பலகை அது. மின்சாரமும் காற்றும் வலைப்பின்னலும் பொதுவாக ஒரு கூட்டிலிருந்து கிடைக்கும். பலகையைக் கூட்டின் அறைக்குள் தள்ளிப் பொருத்திவிட்டால் போதும். 2001இல் அமெரிக்காவின் ஆர்.எல்.எக்ஸ். நிறுவனம் இவ்வகைச் சர்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2002இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கூடு வந்தது. அதில் 14 பலகைகள். 2009 மார்ச்சில் சிஸ்கோ நிறுவனம் அறிவித்த யூ.சி.எஸ். அமைப்பின் கூட்டில் அரையகலப் பலகைகள் எட்டு. நம் விளக்கத்துக்கு இந்தக் கடைசி அமைப்பை எடுத்துக்கொள்வோம். கண்டறியும் விதிகள் இதில் தெளிவாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கின்றன.

ஒரு பலகையைக் கூட்டுக்குள் தள்ளியதும் என்ன நடக்கிறது? பலகை உள்ளே வந்ததைக் கூடு முதலில் உணர்கிறது. பலகையில் ஒரு சிறு நினைவுச் சில்லு உண்டு. தயாரித்தவர் பெயர், மாதிரி எண், வரிசை எண் ஆகியவை ஆலையிலேயே அதில் பதிக்கப்பட்டிருக்கும். பலகையின் பெரிய செயலி உறங்கிக் கிடக்கும்போதே, அதே பலகையில் விழித்திருக்கும் சிறு காவற்செயலி ஒன்று இந்தச் சில்லைப் படித்து மேலே சொல்லும். இது பெயர் கேட்கும் அளவிலான அறிமுகம். அடுத்ததுதான் ஆழமான சோதனை. நிர்வாக அமைப்பு ஒரு சிறு இயங்குதளத்தைப் பலகைக்கு அனுப்பி அதைத் தற்காலிகமாக இயக்குகிறது. அது உள்ளே புகுந்து செயலிகள் எத்தனை, நினைவகம் எவ்வளவு, வட்டுகள் எவை, வலைப்பின்னல் அட்டை எது என்று எண்ணிக் கணக்கெடுத்து, பட்டியலை ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ளும்.

இதையெல்லாம் எப்போது செய்வது, யாரைக் கேட்டுச் செய்வது? அங்கேதான் விதி வருகிறது. நிர்வாகி ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் பிறகு வரும் ஒவ்வொரு பலகைக்கும் அதுவே சட்டம்.

முதல் விதி கூட்டைப் பற்றியது. கூட்டையும் அதை ஆளும் மையச் சாதனத்தையும் வடங்கள் இணைக்கின்றன. 'குறைந்தது இத்தனை வடம் இருந்தால்தான் கூட்டை ஏற்பேன்' என்று எழுதலாம். 1, 2, 4, 8 என்பன அந்த எண்கள். நான்கு என்று எழுதிவிட்டு இரண்டு வடம் மட்டும் செருகினால் கூடு கண்டறியப்படவே மாட்டாது. புதியவர்கள் இங்கே திகைத்துப்போய் வடத்தை மாற்றுவார்கள், மின்சாரத்தை நிறுத்திப் போடுவார்கள். குறை வடத்தில் இல்லை, விதியில் இருக்கிறது.

இதன் எதிர்ப்பக்கம் இன்னும் தந்திரமானது. விதியில் ஒன்று என்று எழுதி, நான்கு வடம் செருகியிருக்கிறீர்கள். கூடு உடனே கண்டறியப்படும், எல்லாம் ஓடும், எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாது. ஆனால் பயன்படுவது ஒரே வடம். வடம் ஒன்றுக்கு நொடிக்கு 10 கிகாபிட் என்றால் 40 கிடைக்க வேண்டிய இடத்தில் 10 மட்டுமே கிடைக்கும். கூட்டை மறுமுறை ஏற்றுக்கொள்ளும்படி கட்டளை இட்டால்தான் மற்ற மூன்றும் கணக்கில் சேரும். ஓடாத இயந்திரத்தைவிடக் கால் பங்கு மட்டும் ஓடும் இயந்திரமே கண்டுபிடிக்கக் கடினமானது என்பது என் கருத்து.

இரண்டாவது விதி பலகையைப் பற்றியது. 'வந்தவுடன் சோதனையிடு' என்று எழுதலாம். 'மனிதர் ஒப்புதல் தரும்வரை காத்திரு' என்றும் எழுதலாம். நூறு பலகைகளை ஒரே நாளில் பொருத்தும்போது முதல் வழி பெரும் வசதி. அதன்பின் தகுதி விதி. நினைவகம் இவ்வளவுக்கு மேல், செயலி இத்தனை என்றால் இந்தத் தொகுப்பில் சேர்; இல்லையேல் அந்தத் தொகுப்பில் சேர். தரவுத்தளத்துக்கு ஒரு தொகுப்பு, இணையப் பக்கங்களுக்கு ஒரு தொகுப்பு என்று பலகைகள் தாமே வரிசைகட்டி நிற்கும்.

இனி ஆபத்துக்கு வருவோம். சோதனை விதியோடு இன்னொன்றையும் கோத்துவிட முடியும்: துடைப்பு விதி. புதிதாகக் கண்டறியும் பலகையின் வட்டில் பழைய தரவு ஏதேனும் இருந்தால் அழித்துவிடு என்பது அதன் பொருள். வேறு வேலைக்குப் போகும் பலகை பிறர் இரகசியத்தைச் சுமந்து போகக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட நல்ல விதிதான். ஆனால் இப்படி ஒன்று நடப்பதாக வைத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணி. ஒரு கூட்டில் பழுது. பொறுப்பாளர் நல்ல நிலையில் உள்ள ஒரு பலகையை உருவி, வேறு நிர்வாகத்தின் கீழ் உள்ள இன்னொரு கூட்டில் செருகுகிறார். அந்தப் பலகையின் வட்டில் ஒரு துறையின் பதிவேடு இருக்கிறது, நகல் இல்லை. அங்கே எழுதியிருப்பதோ 'உடனே சோதனையிடு, துடை'. கூட்டுக்கு அது புதுப்பலகை. யாரையும் கேட்காது. நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் உட்காருவதற்குள் துடைப்பு தொடங்கியிருக்கும்.

ஆகவே உடனடிச் சோதனையையும் துடைப்பையும் ஒருசேர எழுதாதீர்கள். துடைப்பு வேண்டுமானால் ஒப்புதலுக்குக் காத்திருக்கச் சொல்லுங்கள். உடனடி வேண்டுமானால் துடைப்பை அணைத்து வையுங்கள். முதலில் வெற்று வட்டுள்ள ஒரே ஒரு பலகையைச் செருகி, பட்டியல் சரியாக வருகிறதா, உரிய தொகுப்பில் சேர்கிறதா என்று பார்த்த பின்னரே மற்றவற்றைத் தொடுங்கள்.

இப்போது சிவகாசிச் சுவருக்குத் திரும்புவோம். அங்கே விதியின் தன்மை நேர் எதிரானது. 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் விரிவானவை. உரிமம் தரும் மத்திய அமைப்பின் தலைமையகம் நாகபுரியில், அதன் அலுவலகம் ஒன்று சிவகாசியிலேயே உண்டு. ஆனால் ஐந்தாவது ஆள் அறைக்குள் நுழையும்போது சுவர் தடுப்பதில்லை. போர்மேன் பார்த்தால்தான் உண்டு. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆள் அளவும் மருந்து அளவும் மீறப்படுவது பற்றிய பேச்சு அந்த வட்டாரத்தில் ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் எழுகிறது. சுவர் விதியைப் படிக்க ஆள் வேண்டும். கூட்டு விதியோ ஆள் இல்லாமலே நிறைவேறிவிடுகிறது. முன்னதில் பயம் விதி நடவாமல் போய்விடுமோ என்பது; பின்னதில் எழுதிய பிழை எழுத்துப் பிசகாமல் நடந்துவிடுமே என்பது.

இரண்டு இடத்துக்கும் பொதுவான பகை ஒன்றும் உண்டு: நிலைமின்சாரம். வறண்ட காற்றில் உடலில் சேரும் மின்னூட்டம் ஒரு சிறு பொறியாகப் பாய்ந்தால் மருந்துப் பொடி தீப்பற்றலாம். அதைவிட மிகச் சிறிய, கண்ணுக்கே தெரியாத பொறி பலகையின் சில்லைக் கெடுக்கும். மருந்து அறைக்குள் நுழைபவர் தரையோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டு நுழைவதும், பலகையைத் தூக்குபவர் மணிக்கட்டில் தரையிணைப்புப் பட்டை கட்டிக்கொள்வதும் ஒரே காரணத்துக்காகத்தான்.