வில்லையும் எழுத்தும்: பழைய காவல் வில்லைகளை இனங்காணலும் காலங்கணித்தலும்

முன்னுரை

அரசுப் பணியாளர் தம் பணியைக் காட்ட அணிந்த உலோகத் தகட்டைத் தமிழர் வில்லை என்றனர். அது கோக்கப்பட்ட பட்டையை டவாலி என்றனர். வில்லைச் சேவகன் என்னும் வழக்கும் இருந்தது. இன்று இத்தகடுகள் பழம்பொருள் கடைகளில் விலைபோகின்றன. இவற்றின் காலத்தை வரையறுப்பது சேகரிப்பாளரின் ஆர்வத்தோடு முடிவதன்று. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பொருளைத் தொல்பொருளாகக் கொள்கிறது. அதனைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு. அண்மையில் வார்த்த தகடு பழையதாக ஏற்கப்படின் நிருவாக வரலாற்றில் பொய்ச்சான்று புகும். பழையது புதியதெனக் கழிக்கப்படின் ஒரு சான்று அழியும். இவ்விரு பிழைகளையும் தவிர்க்கத் தமிழாய்வு எவ்வாறு துணைநிற்கும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எது காவல் வில்லை?

பித்தளைத் தகட்டில் வட்டத்தின் பெயரும் எண்ணும் இருந்தால் அதனைக் காவல் வில்லை என்றே விற்பர். இது பெரும்பாலும் பொருந்தாது. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் காவற்பணியைக் கிராமத் தலைவரிடமும் தாசில்தாரிடமும் ஒப்படைத்தது. வரி தண்டிய சேவகனே திருடனையும் பிடித்தான். 1855இல் அறிக்கை அளித்த சித்திரவதை விசாரணைக் குழு இக்கலப்பின் கொடுமையை வெளிப்படுத்தியது. அதன்பின் வந்த 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டமே சென்னை மாகாணக் காவல்துறையை வருவாய்த்துறையிலிருந்து பிரித்தது. ஆகவே 1859க்கு முற்பட்ட தகட்டில் காவல் வில்லை, வருவாய் வில்லை என்னும் பாகுபாட்டைத் தேடுவதே வழு. அதற்குப் பிற்பட்ட தகட்டில் துறைப்பெயர் இல்லையெனில் அது நீதிமன்றச் சேவகனுடையதாகவும் இருக்கலாம்.

முடியும் சின்னமும்

முடியின் வடிவம் பலரும் அறிந்த அளவுகோல். விக்டோரியா காலத்து முடி ஒரே வடிவினதன்று. 1901க்குப் பின் வளைவுகள் மேல்நோக்கிக் குவிந்த ட்யூடர் முடி நிலைபெற்றது. நடுவில் தாழ்ந்த வளைவுடைய செயின்ட் எட்வர்டு முடி இரண்டாம் எலிசபெத்து காலத்தது. இந்தியா 1950 சனவரி 26இல் குடியரசாகி நான்முகச் சிங்கச் சின்னத்தை ஏற்றுவிட்டமையால், எலிசபெத்து காலத்து முடி பொறித்த சென்னைக் காவல் வில்லை ஐயத்திற்குரியது. இலங்கை 1972 மே 22 வரை முடியரசின்கீழ் இருந்ததால் அங்கு அம்முடி இயல்பே. 1947 ஆகஸ்டு 15க்குப் பின்னும் முடி உடனே மறைந்துவிடவில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்; பயன்பாட்டுக் காலம் வேறு, வார்ப்புக் காலம் வேறு.

எழுத்துச் சான்று

குடியரசுக் காலத்துத் தகடுகளில் முடி இல்லை. இங்கேதான் தமிழெழுத்து துணைக்கு வருகிறது. சேகரிப்பாளர் பெரிதும் நோக்காத சான்றும் இதுவே. மாநிலப் பெயர் 1969 சனவரி 14இல் ‘தமிழ்நாடு’ ஆயிற்று. அப்பெயர் தாங்கிய அரசு வில்லையை அதற்கு முன் வைத்தல் அரிது. 1978 அக்டோபர் 19ஆம் நாளிட்ட அரசாணை பதின்மூன்று எழுத்துகளின் வடிவை மாற்றியது. அவற்றுள் ணை, லை, ளை, னை ஆகியவை முன்னர்த் துதிக்கை போன்ற கொம்புடன் எழுதப்பட்டன. ‘சென்னை’, ‘தலைமைக் காவலர்’, ‘காவல் நிலையம்’ ஆகிய தொடர்களில் இவை இடம்பெறுவது ஆய்வாளரின் நற்பேறு. ‘மதுரை’, ‘காவல்துறை’ என்பவற்றில் ரை, றை மாறாதனவாதலின் அவை எதையும் உணர்த்தா.

இச்சான்றின் இரு பக்கமும் ஒரே வலிமையுடையன அல்ல. பெரியார் தம் இதழில் 1935லேயே சீர்திருத்த வடிவைக் கையாண்டார் எனினும் அரசு வில்லையில் அவ்வடிவு வந்தால் 1978க்குப் பிற்பட்டது எனல் பெரிதும் பொருந்தும். பழைய வடிவோ, பழைய அச்சு தேயும்வரை தொடர்ந்திருக்கக்கூடும்.

சென்னையின் தென்புறத்தை எடுத்துக்கொள்ளலாம். திருமுடிவாக்கம் முன்னர்ச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப்பின் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சார்ந்தது. 2019இல் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று, திருமுடிவாக்கம் காஞ்சிபுரத்திலேயே நின்றது. எனவே ‘செங்கல்பட்டு மாவட்டம்’ என்னும் பொறிப்பு இரு காலங்களுக்குப் பொருந்தும். அப்பெயரில் மாறிய எழுத்து ஒன்றுமில்லை. அதே தகட்டில் ‘தலைமைக் காவலர்’ என இருந்து லை கொம்புடன் அமைந்தால் ஐயம் நீங்கும். ‘தாம்பரம் மாநகரக் காவல்’ என்றிருப்பின் இத்தனை ஆராய்ச்சி வேண்டா. அவ்வாணையரகம் 2022 சனவரி 1இல்தான் தொடங்கியது.

தேய்வு

நாள்தோறும் துலக்கி அணிந்த வில்லையில் மேடான பகுதிகள் தேய்ந்தும் பள்ளங்களில் கருமை படிந்தும் இருக்கும். மேடும் பள்ளமும் ஒருபடித்தாகக் கறுத்திருப்பின் அக்கருமை மருந்திட்டு ஊட்டியதாகலாம். பின்புறக் காதுகள் டவாலியில் உராய்ந்த தடமும் நோக்கத்தக்கது. இவற்றையெல்லாம் விற்பனைக்கு முன் புளியிட்டுத் துலக்கிப் பளபளப்பாக்கும் வழக்கம் அழித்துவிடுகிறது. ஆழமின்றி வெட்டிய எண் அவ்வாறு துலக்கும்போது முதலில் மறைவது. அவ்வெண்ணோ ஒரு தனிக் காவலனுக்குரியது. பணிப்பதிவேடு எஞ்சியிருக்கும் இடத்தில் அவன் பெயரைக் கண்டறிய வேறு வழியில்லை.