முப்பது ஹெர்ட்ஸில் முறுகிய ஷாஃப்ட்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கணக்கு வரும். ஒரே ஒரு வர்க்கமூலம்தான்.

நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் உயர் அழுத்த லைனில் தூண்டல் தடை அதிகம். லைன் நீள நீள, அதில் அனுப்பக்கூடிய மின்சாரம் குறையும். லைனோடு தொடராகக் கபாசிட்டர்களை வைத்தால் அந்தத் தடையில் ஒரு பங்கு கழிந்துபோகும். புதிதாக ஒரு கோபுர வரிசை நடாமலே கூடுதல் மின்சாரம் போகும். பாலைவனத்தில் மின்நிலையமும் கடலோரத்தில் நகரமுமாக இருக்கிற அமெரிக்காவின் மேற்கில் இது பெரிய உதவி.

ஆனால் தூண்டலும் கபாசிட்டரும் தொடராகச் சேர்ந்தால் அந்தச் சுற்றுக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் வந்துவிடும். மொத்தத் தூண்டல் தடையில் எத்தனை பங்கு கழிகிறதோ அதன் வர்க்கமூலத்தை 60-ஆல் பெருக்குங்கள். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். கால் பங்கு கழித்தால் வர்க்கமூலம் அரை, விடை 30 ஹெர்ட்ஸ். லைனில் ஒரு சுவிட்சை மாற்றினாலே இந்த 30 ஹெர்ட்ஸ் ஓட்டமும் கிளம்பும். 60-ல் சுழலும் ஜெனரேட்டரின் ரோட்டருக்கு அது இரண்டுக்குமான வித்தியாசமாகப் போய்ச் சேரும். இங்கே அதுவும் 30.

டர்பைன்களையும் ஜெனரேட்டரையும் கோத்திருக்கும் நீண்ட ஷாஃப்டுக்கும் சொந்தமாக முறுக்கு அதிர்வெண்கள் உண்டு. நெவாடாவின் மொஹாவி அனல்மின் நிலையத்தில் அவற்றில் ஒன்று ஏறக்குறைய 30 ஹெர்ட்ஸாக இருந்தது. 1970 டிசம்பரில் ஒரு சுவிட்ச் மாற்றத்தால் அங்கிருந்த ஜெனரேட்டர், கபாசிட்டர் வைத்த ஒற்றை லைனோடு தனித்துவிடப்பட்டது. மின்சுற்றின் துடிப்பும் ஷாஃப்டின் துடிப்பும் ஒன்றையொன்று வளர்த்தன. ஈர வேட்டியை நொடிக்கு 30 முறை இப்படியும் அப்படியும் பிழிந்தால் எப்படி, அப்படி முறுகி, கலெக்டர் வளையங்கள் இருக்கும் பகுதியில் ஷாஃப்ட் சேதமானது. பழுது பார்த்து ஓட்டினார்கள். 1971 அக்டோபரில் மறுபடியும் அதே சேதம். அதன் பிறகுதான் உண்மையான காரணம் பிடிபட்டது. இயந்திரத்தில் குறையே இல்லை, லைனும் சரியாகத்தான் இருந்தது. இரண்டும் சேர்ந்த விதம்தான் வினையானது.

கபாசிட்டரே வேண்டாம் என்று பொறியாளர்கள் ஓடிவிடவில்லை, அது எனக்குப் பிடித்த விஷயம். அவர்களில் ஒருவரான நரைன் ஹிங்கோரானி ஒரு வழி சொன்னார். 60 ஹெர்ட்ஸில் அரைச் சுற்றுக்கு 8.33 மில்லிநொடி. கபாசிட்டரின் அழுத்தம் அதற்குள் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் வேறு அதிர்வெண் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே தைரிஸ்டர் என்ற மின்னணு வாசல் திறந்து, மிச்ச மின்னூட்டத்தை ஒரு மின்தடை வழியாக வடித்துவிடும்.

அடுத்தது, தைரிஸ்டர் கட்டுப்படுத்தும் தொடர் கபாசிட்டர். கபாசிட்டருக்கு இணையாக ஒரு தூண்டல் சுருள், அதன் வாசலில் தைரிஸ்டர்கள். ஒவ்வொரு அரைச் சுற்றிலும் அவற்றை எந்தக் கணத்தில் திறப்பது என்பதில்தான் சூட்சுமம். நேரம் சரியாக அமைந்தால் 60 ஹெர்ட்ஸுக்கு அது கபாசிட்டராகவே வேலை செய்யும். அதற்குக் கீழான ஆபத்தான அதிர்வெண்களுக்குத் தூண்டலாகத் தெரியும். கபாசிட்டரே கண்ணில் படாத அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு எங்கிருந்து வரும்? 1990-களின் தொடக்கத்தில் அரிசோனாவின் கயெண்டாவிலும் ஆரிகனின் ஸ்லாட்டிலும் இதை நிறுவினார்கள். இந்தியாவிலும் கான்பூர்–பல்லப்கர் 400 கிலோவோல்ட் லைனில் வந்தது.

ஷாஃப்டைக் காப்பாற்றினால் போதும் என்றிருந்த நினைப்பை 2009-ல் டெக்சஸ் மாற்றியது. ஒரு லைன் துண்டிக்கப்பட்டதும், காற்றாலைகள் கபாசிட்டர் வைத்த லைனோடு தனித்துவிடப்பட்டன. மொஹாவியின் அதே நிலைமை. இந்த முறை அந்தத் துடிப்பை வளர்த்தது ஷாஃப்ட் இல்லை, காற்றாலைகளின் மின்னணுக் கட்டுப்பாடு. அது மிக வேகமாக வளர்ந்து கருவிகளைக் கெடுத்தது. அதனால் இன்று காற்றாலையை இணைக்கும் முன், எந்தெந்த லைன் விழுந்தால் அது கபாசிட்டரோடு தனியாக நிற்கும் என்பதை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, தேவையானால் கட்டுப்பாட்டின் அமைப்பையே மாற்றுகிறார்கள்.