புலிக்குட்டி வளர்க்கச் சட்டம் இடம் தருமா?

தலைநகரில் தீன்மூர்த்தி இல்லத்தின் தோட்டத்தில் ஒரு காலத்தில் மூன்று புலிக்குட்டிகள் வளர்ந்தன என்றால் இன்று பலர் நம்பமாட்டார்கள். பிரதமர் நேரு அங்கு வசித்த நாட்களில் வந்த குட்டிகள் அவை. பீம், பைரவ், ஹிடிம்பா என்று பெயர். வளர்க்கும் முறையைக் கற்றுக்கொடுக்க லக்னோ மிருகக்காட்சி சாலையிலிருந்து ஆள் வந்தார். இந்திரா காந்தியும் அவருடைய பிள்ளைகள் இருவரும் அடிக்கடி போய்ப் பார்த்து வந்தார்கள். குட்டிகள் பெரிதானதும் லக்னோவுக்கு அனுப்பப்பட்டன. பைரவை மட்டும் யுகோஸ்லாவியாவின் மார்ஷல் டிட்டோ கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று அதில் சட்டப்படி தவறு ஏதுமில்லை. அதே இந்திரா காந்தி பிரதமராக இருந்தபோதுதான் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்பின் புலி, சிங்கம், சிறுத்தை எதையும் தனிநபர் வீட்டில் வைத்து வளர்க்க வழியில்லை. இவை முதல் அட்டவணையில் உள்ள பிராணிகள். குற்றம் நிரூபணமானால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் ரூ.25,000-க்குக் குறையாது.

"வாடகை வீட்டில் நாய்க்குட்டிக்கே இடமில்லை, நமக்கெதற்குப் புலிக் கதை?" என்று சரோஜினி நகர் குமாஸ்தாவோ மயூர் விஹார் வாசகரோ கேட்கலாம். காரணம் இருக்கிறது.

சென்னை விமானநிலையத்தில் 2019 பிப்ரவரியில் பாங்காக்கிலிருந்து வந்த பயணி ஒருவரின் பெட்டியைச் சுங்க அதிகாரிகள் திறந்தபோது, உள்ளே பிறந்து ஒரு மாதமே ஆன சிறுத்தைக் குட்டி இருந்தது. எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். பால் கொடுத்துத் தேற்றி வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அனுப்பினார்கள். பயணி கைதானார். இப்படிப்பட்ட கடத்தலில் பெட்டியைத் தூக்கி வருபவர் பெரும்பாலும் கூலிக்கு வரும் சாதாரண ஆள். அனுப்பியவனும் வாங்குபவனும் திரைக்குப் பின்னால் இருக்க, பிடிபடுகிறவர் இவர்தான். "இந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துப் போங்கள்" என்று ரயிலிலோ விமானத்திலோ யாராவது கேட்டால் அந்தக் குட்டியை நினைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் சிறுத்தைகள் கரும்புக் காட்டிலேயே குட்டி போடுகின்றன. கரும்பு வெட்டும்போது அகப்படும் குட்டியைப் பூனை என்று நினைத்தோ பரிதாபப்பட்டோ வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சட்டப்படி காட்டு விலங்கு அரசாங்கச் சொத்து. எந்த வகையில் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் போலீசுக்கோ வனத்துறைக்கோ தெரிவித்தாக வேண்டும். எடுக்காமலே இருப்பது இன்னும் மேல். குட்டியை எடுத்த இடத்திலேயே வனத்துறையினர் வைத்துவிட்டால், இருட்டியதும் தாய் வந்து கவ்விக்கொண்டு போவது வழக்கம். (தில்லிக்குப் புதியவர்கள் கவனிக்க: இந்திக்காரர் 'தேந்துவா' என்பதே நம் சிறுத்தை. 'சீத்தா' என்றால் சிவிங்கிப்புலி.)

கைரியின் கதை

அன்பாக வளர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரிசாவின் கைரி சாட்சி. 1974-ல் சிமிலிபால் காட்டில் கைரி ஆற்றோரம் பழங்குடி மக்கள் கண்டெடுத்த பெண் புலிக்குட்டி அது. புலிகள் சரணாலய இயக்குநர் சரோஜ் ராஜ் சௌத்ரியும் அவர் மனைவியும் ஜோஷிபூர் வீட்டில் பிள்ளையைப்போல் வளர்த்தார்கள். கூண்டு கிடையாது, சங்கிலி கிடையாது. வீட்டுக்குள் நடமாடிற்று. பார்க்க வெளிநாட்டினரும் வந்தார்கள். ஆனால் வளர்ந்த கைரியால் காட்டுப் புலிகளோடு சேர முடியவில்லை. இனச்சேர்க்கைக்கு எடுத்த முயற்சிகள் வீணாயின. 1981-ல் வெறிநாய் கடித்து நோய் முற்ற, மயக்க மருந்து கொடுத்தே அதன் உயிரைப் போக்க வேண்டியதாயிற்று. சௌத்ரி அடுத்த ஆண்டே காலமானார். வனத்துறையின் உயர் அதிகாரி, அனுபவம் மிக்கவர், காட்டின் ஓரத்திலேயே வீடு. அவருக்கே இந்தக் கதி!

வெளிநாட்டுப் பூனை இனங்களின் விவகாரம் வேறு. ஆப்பிரிக்காவின் செர்வல், அமெரிக்காவின் பூமா போன்றவை 'சைட்ஸ்' எனும் சர்வதேச வர்த்தக ஒப்பந்தத்தில் அடங்கியவை. 2020 ஜூனில் மத்திய அரசு ஒரு சலுகை தந்தது: ஆறு மாதத்துக்குள் தாமாகத் தெரிவித்தால் அயல்நாட்டுப் பிராணிக்கு ஆவணம் கேட்கமாட்டோம் என்றது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2024 பிப்ரவரி விதிகளின்படி, வைத்திருப்பவர் 'பரிவேஷ்' இணையதளம் வழியாகத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதைவிடக் கெடுபிடி அதிகம்! இறக்குமதிக்கு முன்கூட்டியே அனுமதியும் தேவை. விற்பவன் காட்டும் ரசீது மட்டும் போதாது.

கடைசியாக, கழுத்தில் தொங்கும் சங்கதி. தாத்தா காலத்துப் புலிநகம் என்று தங்கம் கட்டிக் குழந்தைக்குப் போடுகிற வழக்கம் நம்மவரிடம் உண்டு. உடைமைச் சான்றிதழ் இல்லாமல் அசல் புலிநகம் வைத்திருப்பதும் இதே சட்டத்தில் குற்றம்தான். 2023 அக்டோபரில் பெங்களூரில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் கலந்துகொண்டவர் புலிநகப் பதக்கத்தோடு தோன்றிக் கைதானார். பரம்பரைச் சொத்துக்குக் கணக்குக் காட்ட 2003-ல் அரசு தந்த 180 நாள் அவகாசமும் எப்போதோ கடந்துவிட்டது. கடையில் விற்பவற்றில் பெரும்பாலானவை மாட்டுக் கொம்பில் செதுக்கிய போலிகள் என்பது வேறு விஷயம். ஆனால் அது போலி என்று பரிசோதனைக்கூடம் சொல்லும்வரை ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டியவர் அணிந்தவரே.