அழுகாத நிலம்

ஸ்காட்லாந்தின் வடமுனைக்குப் போகும் ரயில் ஃபோர்சினார்ட் என்ற சின்ன நிலையத்தை நெருங்கும்போது ஜன்னலுக்கு வெளியே மரங்கள் அருகிவிடும். கண்ணுக்கு எட்டிய மட்டும் பழுப்பும் செம்மையும் கலந்த வெளி. நடுநடுவே மை கொட்டிக் கிடப்பதுபோல் கறுத்த குட்டைகள். கைநீட்டித் தொடலாம் என்கிற உயரத்தில் மேகம். கேத்னஸ், சதர்லாந்து என்ற இரு வட்டாரங்களில் ஏறக்குறைய 4,000 சதுர கிலோமீட்டருக்குப் பரந்திருக்கும் இந்தச் சதுப்புக்கு ஃப்ளோ கன்ட்ரி என்று பெயர். பயிர் விளையாது. வீடு கட்ட அஸ்திவாரம் நிற்காது. சில இடங்களில் காலை ஊன்றினால் தரையே லேசாக ஆடும். முதல் பார்வைக்குத் தரிசு என்றுதான் தோன்றும். அந்தத் தரிசை 2024-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பீட் நிலம் என்ற தகுதிக்காகவே அந்தப் பட்டியலில் இடம்பிடித்த முதல் நிலம் இதுதான்.

பீட் என்பது செத்துப்போயும் மட்காத செடி. வேறு எங்கேயும் ஓர் இலை விழுந்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் புழுக்களும் சேர்ந்து அதைத் தின்று தீர்த்து, அதிலிருந்த கரியைக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடும். இங்கே அந்த வேலை பாதியில் நின்றுபோகிறது. ஏன் என்று புரிந்துகொள்ள நம் வீட்டு மாவடு ஜாடியை நினைத்துப் பார்த்தால் போதும். புளிப்பும் உப்பும் ஏறிய தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் வடு வருடக்கணக்கில் கெடாது. தண்ணீருக்கு மேலே தலையை நீட்டும் வடுவில்தான் பூஞ்சை பிடிக்கும். சதுப்பில் உப்பு கிடையாது. ஆனால் காற்றுப் புகாத தண்ணீரும் தக்காளிச் சாற்றுக்கு நிகரான புளிப்பும் குளிரும் உண்டு.

இப்படி ஒரு ஜாடி உருவாகக் கொட்டும் மழை தேவையில்லை, விடாத தூறல்தான் தேவை. ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை, அதுவும் 160 நாட்களுக்கு மேல் பிரிந்து பொழிய வேண்டும். கோடையின் மிக வெப்பமான மாதத்திலும் சராசரி வெப்பநிலை 15 டிகிரியைத் தாண்டக் கூடாது. அப்போதுதான் பெய்த தண்ணீர் ஆவியாகாமல் தங்கும். குழிகளில் மட்டுமின்றி மேட்டிலும் சரிவிலும்கூட நிலம் முழுவதையும் சதுப்பு போர்த்திக்கொள்ளும். இந்த வகைக்கே போர்வைச் சதுப்பு என்று பெயர்.

மழை தண்ணீரைத்தான் தருகிறது. அதைப் பிடித்துவைப்பதும் புளிக்க வைப்பதும் ஒரு பாசி. ஸ்பேக்னம் என்ற அந்தப் பாசியை ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால், ஊறவைத்த துணியை முறுக்கியதுபோல் தண்ணீர் கொட்டும். தன் உலர்ந்த எடையைப்போல் 20 மடங்கு வரை நீரைத் தாங்கக்கூடியது அது. ஓர் இலையை நுண்ணோக்கியில் வைத்தால் ரகசியம் தெரிகிறது. இலை ஒரே ஒரு செல் கனம்தான். அதில் மெல்லிய பச்சைச் செல்கள் வலைபோல் ஓட, அவற்றுக்கு இடையே பெரிய பெரிய காலி அறைகள். அந்த அறைகள் செத்த செல்கள். உள்ளிருந்த உயிர்ப்பொருள் போய்விட்டது, சுவர் மட்டும் மிச்சம். சுவரில் துளைகள், நசுங்காமல் இருக்க உள்ளே வளையங்கள். செத்தபின் குடமாகப் பயன்படுவதற்கென்றே வளர்க்கப்பட்ட செல்கள்! மழைநீரில் கரைந்து வரும் சொற்பக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பாசி பற்றிக்கொண்டு, பதிலுக்கு ஹைட்ரஜன் அயனிகளை வெளியே விடுகிறது. அதுதான் புளிப்பு. தனக்குப் பிடித்த நிலத்தைத் தானே சமைத்துக்கொள்ளும் இத்தகைய தாவரங்கள் அதிகம் இல்லை. முதல் உலகப்போரில் பஞ்சு கிடைக்காத நிலையில், உலர்த்திய ஸ்பேக்னத்தை வைத்துத் தைத்த காயக்கட்டுகள் பிரிட்டனிலிருந்து லட்சக்கணக்கில் போர்முனைக்குப் போயின. ரத்தத்தை உறிஞ்சியதோடு, அந்தப் புளிப்பு கிருமிகளையும் மட்டுப்படுத்தியது.

ஜாடி எவ்வளவு திறமாக வேலை செய்கிறது என்பதற்கு டென்மார்க்கில் ஒரு சாட்சி கிடைத்தது. 1950 மே மாதம் சில்கபோர்க் அருகே அடுப்புக்குப் பீட் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டிக்கு அடியில் ஒரு மனித முகத்தைக் கண்டார்கள். அண்மையில் நடந்த கொலை என்று நினைத்துக் காவல்துறைக்குச் சொல்லி அனுப்பினார்கள். கழுத்தில் கயிறு, முகவாயில் முளைத்திருந்த குறுந்தாடி, தூங்குகிறவரைப்போல் மூடிய இமைகள். டோலுண்ட் மனிதர் என்று இன்று அழைக்கப்படும் அவர் இறந்து சுமார் 2,400 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசியாகச் சாப்பிட்ட கஞ்சிகூட வயிற்றில் இருந்தது.

எதுவும் மட்காத இடத்தில் உரம் ஏது? சத்தெல்லாம் செத்த பாசிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதனால் சில செடிகள் வேறு வழி கண்டன. பாசி மெத்தையின் மேல் நாணயம் அளவுக்குச் சிவந்த இலைகளை விரித்துக்கொண்டு ஒரு செடி இருக்கும். இலை முழுக்க மயிர்கள், ஒவ்வொரு மயிரின் நுனியிலும் பனித்துளிபோல் ஒரு சொட்டுப் பசை. உட்கார்ந்த கொசு எழ முடியாது. பக்கத்து மயிர்கள் மெல்ல வளைந்து அதன் மேல் கவியும், செரித்து நைட்ரஜனை உறிஞ்சும். இதே குலத்துச் செடி தமிழகத்திலும் உண்டு. அழுகண்ணி என்று நம் சித்த மருத்துவர்கள் வைத்த பெயரைவிடப் பொருத்தமான பெயரை எந்த மொழியிலும் நான் கண்டதில்லை. டார்வின் இந்தச் செடிக்கு இறைச்சித் துணுக்கு, முட்டை வெள்ளைக்கரு, பால் என்று விதவிதமாக ஊட்டிப் பார்த்து, 1875-இல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

பீட் ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். ஓர் ஆள் உயரத்துக்குச் சேர ஆயிரத்து எழுநூறு ஆண்டுகள் வேண்டும். ஃப்ளோ கன்ட்ரியில் சில இடங்களில் அது 10 மீட்டர் ஆழம்வரை போகிறது. அதில் தங்கியிருக்கும் கரி சுமார் 40 கோடி டன். பிரிட்டனின் காடுகள் அனைத்திலும் உள்ளதைப்போல் இரு மடங்குக்கும் மேல். காற்றில்லாச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை வெளியிடத்தான் செய்கின்றன. ஆனாலும் ஆயிரமாண்டுக் கணக்கைப் பார்த்தால் வரவுதான் மிகுதி. இந்த நிலம் மூச்சுவிடவும் செய்கிறது. மழைக்காலத்தில் நீர் ஏறி உப்பி, வறண்டபோது தணியும் அதன் மேற்பரப்பைச் செயற்கைக்கோள் ரேடாரால் அளக்க முடிகிறது.

மரம் நடுவது எங்கேயும் நல்லதுதானே என்று கேட்கலாம். 1980-களில் இங்கே அதைத்தான் செய்தார்கள். காடு வளர்த்தால் வரிச்சலுகை என்றதும், இந்த மண்ணை மிதித்தே பார்க்காத பணக்காரர்களின் முதலீடு வந்து குவிந்தது. ஆழமாக உழுது வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வடித்து, வட அமெரிக்காவின் ஸ்ப்ரூஸையும் பைனையும் வரிசையாக நட்டார்கள். மீதித் தண்ணீரை மரங்கள் குடித்தன. பீட் காய்ந்து வெடித்தது. உப்புநீருக்கு மேலே தலைநீட்டிய மாவடுவின் கதிதான். ஆயிரமாண்டுகளாகப் பூட்டியிருந்த கரி, காற்றுப் பட்டதும் மட்கி வெளியேறத் தொடங்கியது. பொன்னிற உப்புக்கொத்தியும் டன்லின் என்ற சிறிய உள்ளானும் தரையில் முட்டையிடுகிறவை. மரங்கள் நரிக்கும் காக்கைக்கும் மறைவிடம் கொடுத்ததால், காட்டின் ஓரத்திலிருந்து பல நூறு மீட்டர் தூரம்வரை அவை ஒதுங்கிப்போயின.

1988-இல் அந்த வரிச்சலுகை நின்றது. 1995-இல் ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம் ஃபோர்சினார்டில் நிலம் வாங்கி, சூழலைக் காக்க மரங்களை வெட்டும் வேலையில் இறங்கியது. வாய்க்கால்களை அடைத்தார்கள், உழவுசால்களைத் தூர்த்தார்கள். தண்ணீர் மெல்ல ஏறியது, பாசி திரும்பியது. மரம் வெட்டி 16 ஆண்டுகள் கழித்து ஓரிடத்தில் அளந்தபோது, நிலம் மறுபடி கரியை வெளியே விடுவதைவிட அதிகமாக உள்ளிழுத்துக்கொண்டிருந்தது.

வட ஸ்காட்லாந்தின் பீட்டுக்குள் சில இடங்களில் பைன் மரத்தின் அடிக்கட்டைகள் வேரோடு அகப்படுகின்றன. சுமார் 4,400 ஆண்டுகளுக்கு முன் ஈரம் சற்றே குறைந்தபோது பைன் காடு இந்தச் சதுப்பின் மேல் ஏறி வந்து, சில நூறு ஆண்டுகள் நின்றது. பிறகு ஈரம் திரும்பியது. மரங்கள் செத்தன, பாசி அவற்றை மூடிக்கொண்டது. அந்தப் பழைய கட்டைகளுக்கு மேலே, நேற்று வெட்டிவிட்ட ஸ்ப்ரூஸ் கட்டைகளின் பக்கவாட்டில், இப்போது மறுபடி பாசி ஏறிக்கொண்டிருக்கிறது.