விடுதி அறையில் ஒரு துணை

மனச்சோர்வுக்கோ பதற்றநோய்க்கோ சிகிச்சை பெற்றுவரும் பிள்ளை அமெரிக்கக் கல்லூரியில் சேரும்போது, வீட்டில் ஆறுதலாயிருந்த நாயையோ பூனையையோ விடுதியில் உடன் வைத்துக்கொள்ள இயலுமா என்னும் கேள்வி எழுகிறது. இது குறித்து அறியவேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

பார்வையற்றவருக்கு வழிகாட்டுதல் போன்ற பணிகளுக்குப் பயிற்றப்பட்டது சேவை நாய். 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டப்படி அது வகுப்பறைக்கும் உணவுக்கூடத்துக்கும் உடன் செல்லலாம். தனிப்பயிற்சியின்றி, அருகிருந்தே ஆறுதல் தருவது மனத்துணை விலங்கு. அதற்கு அவ்வுரிமை இல்லை. ஆயினும் வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ் உறைவிடத்தில் வைத்துக்கொள்ள அனுமதி கோரலாம். மாணவர் விடுதிக்கும் இச்சட்டம் பொருந்தும் என, நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கியர்னி வளாகம் தொடர்பான வழக்கில் 2013இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அறை ஒதுக்கப்படும் முன்பே கல்லூரியில் விண்ணப்பித்தல் நன்று. நோயாளியை நன்கறிந்த மருத்துவரின் கடிதம், அவரது குறைபாட்டுக்கும் விலங்கின் துணைக்கும் உள்ள தொடர்பை விளக்க வேண்டும். இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் பதிவுச் சான்றிதழ்கள் உரிமை எதனையும் அளிப்பதில்லை; அவற்றில் பணத்தை இழக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசி முடிவுசெய்யுமாறு வேண்டுகிறோம். படுக்கையைவிட்டு எழவே மனம் வராத நாள்களும் இந்நோயில் உண்டு. அன்றும் அவ்வுயிருக்குப் பசிக்கும். அதற்கு உணவிடுபவர் யார்? மருந்தையும் மருத்துவரையும் அது ஈடுசெய்யாது. அவற்றோடு சேர்ந்தே அது துணையாகும்.